ஞாயிற்றுக்கிழமையையும் ட்யூஷனுக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கண்டனூர் வாசகர், 28 செப்டம்பர் 2024

மகன் பத்தாம் வகுப்பு. காலாண்டு முடிந்துவிட்டது. இனி ஞாயிறு காலையும் அனுப்புங்கள் என்கிறார் ட்யூஷன் மாஸ்டர். வீட்டில் வைத்திருந்தால் அப்பத்தாவோடு பேச்சு, தூக்கம், போன். இந்த வயதில் குடும்பத்தோடு பொழுதைப் போக்கினால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? பாசம் வளரும் என்று மட்டும் சொல்லாதீர்கள், அது தெரியும். திறமை வளருமா? கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

29 செப்டம்பர்

வளரும். பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் பெரியவள் பத்தாவது, சின்னவன் எட்டாவது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் பங்காளிகள் நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, பொதுவான பழைய வீடு. குடியிருப்பது நாங்களும் என் ஆத்தாவும்தான், மற்றவர்கள் விசேஷத்துக்கு வந்து போவார்கள். எனக்கு எலக்ட்ரிகல் கடை. ஞாயிறு ஒரு நாள்தான் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம். இருந்தும் ஆளுக்கொரு மூலை.

மே மாதம் ஒரு சாயங்காலம் கரண்டு போனது. ஆத்தா பெட்டகத்தைத் திறந்து பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து வந்தார்கள். "கரண்டு வர்றவரைக்கும் ஒரு ஆட்டம் போடுவோம், வாங்க." வளவுத் தரையில், அதாவது உள்முற்றத்தில், சாக்பீஸால் கட்டம் போட்டோம். கரண்டு வந்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம்.

கணக்கு என்றாலே முகம் சுண்டிப்போகிற பெரியவள் அங்கே உட்கார்ந்து, "அஞ்சும் ரெண்டும் விழுந்தா அப்பத்தா காயை வெட்டலாம், அஞ்சும் மூணும் விழுந்தா மலையில ஏறி நிக்கலாம்" என்று வாய்க்குள் ஓட்டிப் பார்க்கிறாள். மலை என்றால் காயை வெட்ட முடியாத கட்டம். ஒன்றுக்கு இரண்டு வழியை மனதில் வைத்துக்கொண்டு காத்திருப்பது. இதை எந்த ட்யூஷனும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

30 செப்டம்பர்

தாயம் அதிர்ஷ்ட ஆட்டம்தானே, அதில் திறமைக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விழுகிற எண் நம் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆறு காய். மூன்று விழுந்தால் எதற்குக் கொடுப்பது? மாட்டிக்கொண்டு நிற்கிற காய்க்கா, சுற்றி முடித்துப் பழமாகப் போகிற காய்க்கா, எதிராளியை வெட்டுகிற காய்க்கா? ஒவ்வொரு உருட்டுக்கும் ஒரு முடிவு. தப்பாக முடிவெடுத்தால் அடுத்த சுற்றிலேயே பலன் தெரிந்துவிடும். ஏழு விதமாக விழும், ஏழுக்கும் ஒரே வாய்ப்பு, அதனால் எல்லோருக்கும் நியாயமான ஆட்டம்.

2 அக்டோபர்

மேலே கடைசி வரியில் எழுதியது தப்பு. பெரியவள் படித்துவிட்டு, "அப்பச்சி, ஏழுக்கும் ஒரே வாய்ப்புன்னு எழுதியிருக்கீங்களே, அது எப்படி?" என்றாள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலுக்கு நாலு, பதினாறு கட்டம் போட்டாள். ஒரு கட்டையில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நாலு பக்கம். இரண்டு கட்டைக்குப் பதினாறு சேர்க்கை. ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டுத்தொகையை எழுதினாள். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதினாள்.

தாயம், அதாவது ஒன்று, 2 கட்டம். இரண்டு 3 கட்டம். மூன்று 4 கட்டம். நாலு 3 கட்டம். ஐந்து 2 கட்டம். ஆறும் பன்னிரண்டும் ஆளுக்கு ஒரே ஒரு கட்டம். கூட்டினால் 16.

தாயம் விழ 16ல் 2, அதாவது எட்டில் ஒன்று. மறுபடி உருட்டும் வாய்ப்புத் தருகிற தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு நான்கும் சேர்ந்து 16ல் 6. நான் விடவில்லை. "எட்டில் ஒன்றென்றால் எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் விழுந்தாக வேண்டுமே, சின்னவன் பதினோரு தடவை உருட்டியும் காய் இறங்காமல் உட்கார்ந்திருந்தானே?" கால்குலேட்டரில் ஏழு பங்கு எட்டை எட்டு முறை பெருக்கினாள். 0.34 வந்தது. எட்டு உருட்டிலும் தாயமே விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே வாய்ப்பு இருக்கிறது. சின்னவனுக்கு அதைக் கேட்டதும் முகம் தெளிந்தது. தனக்கு மட்டும் ராசியில்லை என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். கூறுவெளி என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்துப் பயந்தவள், அந்தக் கூறுவெளியைத் தன் கையால் வரைந்துவிட்டாள்.

6 அக்டோபர்

அவசரப்பட்டுவிட்டேன். அதை எழுதத்தான் வந்தேன்.

அந்தப் பதினாறு கட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இன்று ஆட்டத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொருவர் உருட்டும்போதும், "இப்போ வெட்டு விழ வாய்ப்பு எவ்வளவு, சொல்லு" என்று கேட்டேன். மூன்று சுற்று பதில் சொன்னாள். நாலாவது சுற்றில் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "இதுவும் ட்யூஷன்தான் அப்பச்சி" என்று எழுந்து போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் மனதைத் தைத்தது. சின்னவன் பாதி ஆட்டத்தில் கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆத்தா என்னிடம் சொன்னது: "வெளையாடறதுக்குக் கூப்பிட்டா வெளையாடணும்ப்பா."

20 அக்டோபர்

போன ஞாயிறு ஆட்டம் இல்லை. நான் கூப்பிடவும் இல்லை. இன்று நான் கடையிலிருந்து வரும்போது பெரியவளும் அப்பத்தாவும் மட்டும் பட்டாலையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சத்தம் போடாமல் தூணோரம் உட்கார்ந்துகொண்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பெரியவள் ஒரு காயை நகர்த்தப் போனாள். அப்பத்தா, "மூணு வீட்டுத் தூரத்துல நிக்காத ஆத்தா, வெட்டுப்படும்" என்றார்கள். இவள் கை அப்படியே நின்றது. "அப்பத்தா, மூணுதான் அதிகமா விழும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" "எங்க ஆயா சொல்லுவாக. நானும் அம்பது வருசமாப் பாத்திருக்கேன்."

பதினாறு கட்டத்தில் மூன்றுக்குத்தான் நாலு கட்டம். ஆத்தா ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பெரியவள் ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து அப்பத்தாவிடம் காட்டினாள். ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்கள். "சரியாத்தான் போட்டிருக்க."

அந்த ஒரு வரியைக் கேட்டபோது அவள் முகம் இருந்ததைப்போல அவளுடைய மார்க் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்ட எந்த நாளிலும் இருந்ததில்லை. அன்று நான் கேட்டதும் கணக்குத்தான், இன்று நடந்ததும் கணக்குத்தான். அன்று நான் பரீட்சை வைத்தேன். இன்று அப்பத்தாவுக்கு நிஜமாகவே ஜெயிக்க வேண்டியிருந்தது. எதிரில் இருப்பவர் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்து ஆடினாலும் கெட்டுப்போகும், பாடம் நடத்த ஆடினாலும் கெட்டுப்போகும். கண்டனூர்காரருக்கு என் பதிலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3 நவம்பர்

தீபாவளி லீவில் சின்னவன் வெள்ளைப் பணியாரம் சுட்டான். நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று ஒருவர் இங்கே கேட்டிருந்தார்.

அளவு அவனே எடுத்தான். உழக்குத் தலைதட்டப் பச்சரிசி. அந்த அரிசியின் தலையிலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு உளுந்து. நம் பக்கத்தில் எல்லா ஆச்சிமாரும் இப்படித்தான் அளக்கிறார்கள். கிராம் கணக்கு வேண்டாம், தராசு வேண்டாம், உழக்கு பெரிதானால் கோபுரமும் பெரிதாகும். "விகிதம்" என்று நான் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் பாலும் சேர்த்தாயிற்று. இனிதான் விஷயம். கரண்டி மாவை எண்ணெயில் ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும், கையை அசைத்தால் வால் விட்டுவிடும். முதல் பணியாரம் பரந்து அப்பளமாகிவிட்டது. இரண்டாவது உப்பியது, ஆனால் சிவந்துவிட்டது. வெள்ளைப் பணியாரம் சிவந்தால் அதற்கு அந்தப் பேரே இல்லை. என் மனைவி கரண்டியை வாங்கப் போனார். ஆத்தா கண்ணாலேயே தடுத்துவிட்டார்கள். மூன்றாவதற்கு அவனே தீயைக் குறைத்தான். மாவு அடியில் போய், ஒரு நொடி நின்று, தானாக மேலே வந்து ஓரம் சுருக்கம் விட்டு விரிந்தது. மேலே எண்ணெயை லேசாகத் தெளித்துத் திருப்பினான். வெள்ளை!

மொத்தம் இருபத்திரண்டு சுட்டான். முதல் இரண்டையும் தனியாக எடுத்துத் தானே தின்றான், ஒருவருக்கும் கொடுக்கவில்லை. நல்லதையெல்லாம் மிளகாய்த் துவையலோடு எங்களுக்கு வைத்தான். தப்பானது எதனால் தப்பானது என்று பார்த்து, ஒரே ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி செய்து பார்ப்பது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் 1953லிருந்து இருக்கிறது, அங்கே செய்கிற சோதனைக்கும் அடிப்படை இதுதான் என்று அவனிடம் சொன்னேன். அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறான்.

4 நவம்பர்

நேற்றைய குறிப்பை என் மனைவி படித்தார். ஒரே கேள்விதான் கேட்டார். "இருபத்திரண்டு பணியாரம் சரி. எண்ணெய்ச் சட்டியைக் கழுவினது யாரு?"

அவர்தான்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு நாலு மணிக்கு நாங்கள் தாயம் ஆடும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, துணி மடித்துவிட்டு, ராத்திரி இடியாப்பத்துக்கு மாவு பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேருக்குப் பொழுதுபோக்கு, ஐந்தாவது ஆளுக்கு வேலை. இதைக் குடும்ப ஓய்வு என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த வயதுப் பிள்ளை இதையும் பார்த்துத்தான் வளர்கிறது. யாருடைய நேரம் யாருக்குக் கடமைப்பட்டது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

இன்று முடிவானது: ஞாயிறு சாயங்காலக் காபியும் ராத்திரிச் சாப்பாடும் பிள்ளைகளும் நானும். பாத்திரம் உட்பட.

24 நவம்பர்

பிள்ளைகளின் போன் பழக்கத்தை என்ன செய்வது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி பிள்ளைகளோடு இப்போது வீடியோ காலில் தாயம் நடக்கிறது. இரண்டு வீட்டிலும் கட்டம், இரண்டு வீட்டிலும் கட்டை. அவர்கள் உருட்டியதை அவர்கள் சொல்வார்கள், நாங்கள் நம்பிக் காய் நகர்த்துவோம். கேமராவுக்கு வெளியே விழுந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைகளே போட்ட சட்டம். போனைப் பிடுங்கவில்லை, அதற்கு ஒரு வேலை கொடுத்தோம்.

இன்று பறவைகள் பார்க்க வேட்டங்குடி போய் வந்தோம். திருப்பத்தூர் வழி. மூன்று கண்மாய் சேர்ந்து 38.4 ஹெக்டேர்தான், 1977ல் சரணாலயம் ஆனது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சின்னவன் அதை நம்பாமல், டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடமே போய், "ஐயா, சின்னப் பிள்ளைங்ககூட வெடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டான். முன்பின் தெரியாத ஆளிடம் தானாகப் போய் அவன் பேசி நான் பார்த்ததில்லை. கடைக்கு வந்தால் என் பின்னால் நிற்கிற பையன். பெரியவர் கால் மணி நேரம் அவனுக்குச் சொன்னார்.

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அடிபட்ட பறவை என்று முதலில் நினைத்தான், அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. பிறகு அவனே, "இது ஒடைஞ்சதில்ல, இதோட அலகே இப்படித்தான்" என்றான். பெரியவள் எண்ணுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். ஒரு மரத்தில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவால் மற்ற மரங்களை அளந்தாள். உழக்குக் கணக்குதான், மரத்தில்.

1 டிசம்பர்

இப்படி வெளியூர் அழைத்துப்போக வசதியில்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. குடும்ப ஓய்வை ஆராய்ந்த ஜபிரிஸ்கி, மெக்கார்மிக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001ல் அதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்கள். வீட்டிலேயே, அடிக்கடி, அதிகச் செலவில்லாமல் நடப்பது ஒன்று. எப்போதாவது, புது இடத்தில், திட்டம் போட்டுப் போவது இன்னொன்று. முதலாவது குடும்பத்தை ஒட்டவைக்கிறது, இரண்டாவது மாறுகிற சூழ்நிலைக்கு வளைந்துகொடுக்கப் பழக்குகிறது என்பது அவர்கள் கருத்து.

எங்கள் வீட்டில் பார்த்தவரை, தாயம் இல்லாமல் வேட்டங்குடி மட்டும் போயிருந்தால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போய் வந்திருப்போம். வாரா வாரம் தரையில் உட்கார்ந்து பழகிய நாலு பேர் என்பதால்தான் காரில் பேச்சு நின்றபாடில்லை. தரையும் சாக்பீஸும் எல்லோர் வீட்டிலும் உண்டு. புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரைத்தால் கட்டைகூட வேண்டாம். செலவு தடையே இல்லை.

15 டிசம்பர்

நம் முன்னோர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகக் கடல் கடந்துபோய்த் திறமை கற்றார்கள், நாம்தான் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம் என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறார். எங்கள் ஐயாவும் பர்மாவுக்கு அப்படிப் போனவர்கள்தான். பெட்டியடியில் உட்கார்ந்து, காசைத் தரையில் தட்டிச் சத்தத்திலேயே செல்லாக் காசைக் கண்டுபிடிப்பார்கள், வட்டியை மனக்கணக்காகச் சொல்வார்கள். பெட்டியடிப் பையன், அடுத்தாள், அப்புறம் ஏஜெண்ட் என்று படிப்படியாக ஏறுகிற வழி அது. நானும் இதைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று ஆத்தாவிடம் கேட்டேன். ஐயா அந்தக் காலத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று. "மூணு வருசம் அவுக ஆத்தா மொகத்தையே பாக்கலைன்னு சொல்லுவாக. கணக்கப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

திறமை வளர்ந்தது உண்மை. அது ஓய்வில் வளர்ந்ததில்லை, வேறு வழியில்லாமல் வளர்ந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசியிருக்கக் கூடாது. பிள்ளைகளிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன்.

8 ஜனவரி 2025

எங்கள் பக்கத்து இருபத்தொரு நாள் பிள்ளையார் நோன்பு நல்லபடியாக முடிந்தது. கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து, நாளுக்கொரு இழை எடுத்து வைக்கிற பொறுப்பு இந்த வருஷம் சின்னவனிடம். இருபத்தொரு நாளும் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. அரையாண்டுப் பரீட்சை நாட்களிலும் காலையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். கடைசி நாள் ஆத்தா எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தொன்று.

இதைப் பொழுதுபோக்கில் சேர்க்கலாமா, வழிபாட்டில் சேர்க்கலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடுகிறது. அவனைக் கேட்டால், "இது என்னோட வேலை" என்கிறான்.

2 பிப்ரவரி

கண்டனூர்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். ஞாயிறு காலை ட்யூஷனுக்கு அனுப்பிவிட்டாராம், பொதுத்தேர்வு நெருங்கிவிட்டதே, நான் தப்புச் செய்தேனா என்று கேட்கிறார். இல்லை. முதல் நாள் நான் எழுதிய தொனியில் ட்யூஷன் எதிரி மாதிரி தெரிந்திருந்தால் அது என் பிழை. பெரியவளும் ஜனவரியிலிருந்து ஞாயிறு காலை அறிவியலுக்குப் போகிறாள், அவளே கேட்டுப் போகிறாள். மார்ச் 28ல் தேர்வு தொடங்குகிறது. நாலு மணிக்கு ஆடுகிற ஆட்டத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம் என்றதும் அவள்தான், அடியோடு நிறுத்த வேண்டாம் என்றதும் அவள்தான். நேரத்தைத் தானே பங்குபோட்டுக்கொள்கிற பிள்ளையிடம் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

காலையை அங்கே கொடுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மார்க் பற்றிப் பேசாதீர்கள். அவனை நிஜமாகவே ஜெயிக்கப் பாருங்கள்.

இன்று ஆட்டத்தில் என் மனைவி ஜெயித்தார். அடுப்படியில் நானும் சின்னவனும் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தோம். கடைசிக் காய் பழமானபோது வளவிலிருந்து அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.